களத்தில் இரண்டு அம்பாரம்

ஒரே களத்தை இருவருக்குக் கொடுத்துவிட்டு விழித்த நாகரத்தினத்தின் கதை இது. முடிவில் கேள்வி உண்டு, அளவுகளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அவள் பண்ணைக்கு வயது நூற்றிருபது. ஓட்டு வீடு, மாந்தோப்பு, நடுவே நாற்பதடி அகலத்தில் கல் பாவிய களம். "எம் பொண்ணு கல்யாணம் அசல் கிராமத்து முறையில நடக்கணுங்க" என்று கோவையிலிருந்து வந்தார் குழந்தைவேலு. தை மாதம், வெள்ளிக்கிழமை, களம் உங்களுக்கு என்று வாக்குக் கொடுத்தாள். பிடித்தது தலைவலி. சாண வாடை வரக்கூடாதாம். சேவல் கூவக்கூடாதாம். மாடுகள் படத்தில் இருக்க வேண்டுமாம், ஆனால் அசையக்கூடாதாம்!

களத்துக்கு இன்னொரு பாத்தியஸ்தர் உண்டு. பாதிக்குப் பாதி பங்குக்கு உழும் மாரப்பன். அறுத்த நெல்லை அடித்து, காயவைத்து, அளந்து முடிக்கும்வரை களம் அவருக்கு. இது அவள் மாமனார் கொடுத்த வாக்கு. புதனுக்குள் அளந்துவிடலாம் என்று நம்பியிருந்தாள். செவ்வாயன்று மழை கொட்டியது. பாதி காய்ந்த நெல்லைக் கிழக்கு ஓரத்தில் பன்னிரண்டு அடிக்கு அம்பாரமாகக் குவித்து, யாரும் தொடாதபடி சாணிப்பாலால் குறி போட்டார்கள். பண்ணைக்காரரும் உழுதவரும் சேர்ந்து நின்றுதான் அந்தக் குறியைக் கலைக்கலாம்.

வியாழன் மதியம் குழந்தைவேலு அதைப் பார்த்துவிட்டார்.

"அங்கதானுங்க மணவறை! மூட்டை கட்டி ஓரமாப் போடுங்க."

"ஈர நெல்லை மூட்டை கட்டினா முளைச்சுப்போகுமுங்க. ஒரு வெயில் வேணும்" என்றார் மாரப்பன்.

"எனக்கு இருக்கறது ஒரே பொண்ணுய்யா!"

"எனக்கும் இருக்கறது ஒரே வெள்ளாமைங்க."

அலங்காரக்காரர் பெலிக்ஸ் வழி கண்டுபிடித்தார். எல்லோரும் போனபின் அம்பாரத்தைத் தார்ப்பாயால் இறுக்க மூடி, மேலே பட்டுத்துணியும் பூவும் சுற்றி, முன்னால் மணவறையை நிறுத்தினார். குறி கலையவில்லை. பக்கத்தில் தான் கொண்டுவந்த போலி அம்பாரத்தையும் வைத்தார். மூங்கில் கூட்டின்மேல் உமியை ஒட்டியது. "கிராமத்துக் களைக்குங்க" என்றார்.

வெள்ளி காலை ஏழு மணி. முகூர்த்தம் ஒன்பதுக்கு. மாரப்பன் தார்ப்பாய்க்குள் கைவிட்டார், கை சுட்டது. பூ, பட்டு, தார்ப்பாய் எல்லாவற்றையும் இழுத்துக் கீழே போட்டார். கூடவே மணவறை வாழை ஒன்றும் சாய்ந்தது.

"நீங்க வாக்குக் குடுத்தீங்களா இல்லியா?" என்று குழந்தைவேலு நாகரத்தினத்தைப் பார்த்துக் கத்தினார். மாரப்பனும் அவளைத்தான் பார்த்தார்.

கொடுத்த வாக்கைக் கேட்டவர் ஒருவர். குறி கலையாமல் மூடியவர் ஒருவர். மங்கல நேரத்தில் அலங்காரத்தைப் பிரித்துப் போட்டவர் ஒருவர். இதில் யார் செய்தது சரி?

விடை: மாரப்பன். அம்பாரம் பிடித்தது பன்னிரண்டு அடி. மேற்கே இருபத்தெட்டு அடி சும்மா கிடந்தது. மணவறை நகரும், புழுங்குகிற நெல் காத்திருக்காது. பெலிக்ஸ் குறியைக் காத்தார், நெல்லைக் காக்கவில்லை. குழந்தைவேலு கேட்டதிலும் தப்பில்லை. அறுப்பு மாதத்தில் களத்தைக் கொடுத்தவள்மேல்தான் தப்பு. அதை ஒப்புக்கொண்டு, சாய்ந்த வாழையை நாகரத்தினமே தூக்கிப்போய் மேற்கே கட்டினாள். மணவறையும் அங்கே நகர்ந்தது. தாலி ஏறியதும் அவளும் மாரப்பனும் சேர்ந்து நின்று குறியைக் கலைத்து நெல்லைப் பரப்பினார்கள். பந்தி முடிந்தவர்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் கிளறினார்கள்; சுணை அரிக்க அரிக்கப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

'தை மாதம் களம் கிடையாது' என்று மறுநாள் வாசலில் பலகை மாட்டினாள். மாட்டி இறங்குவதற்குள் போன் அடித்தது.

"அடுத்த தையில எங்களுக்கும் களம் வேணுமுங்க. அந்த நெல்லோடயே."