கூடைக்காரத் தெருவுக்கு ராஜ பத்தியம்

முன்னொரு காலத்தில், ராஜாவின் மதியத் தூக்கம் கெட்டால் குடிமக்களில் யாருக்காவது வீடு போய்விடும் என்றிருந்த ஒரு நாட்டில், திருமேனி என்றொரு விகடகவி இருந்தான். பெயர்தான் திருமேனி. ஆள் ஒல்லி, அந்த ஒல்லி மேனியில் அடிக்கடி ஒரு தலைவலி. மன்னர் சிம்மாசனத்தில் சாய்ந்துகொண்டு, "நமக்கு ஒரு யோசனை தோன்றுகிறது" என்று ஆரம்பித்தால் அவனுக்கு நெற்றிப்பொட்டு தெறிக்கும். மன்னருக்கோ ஒரு நாளைக்கு நாலு யோசனையாவது தோன்றிவிடும்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை விட்டதும் தோன்றிய யோசனை இது. கோட்டையின் மேற்குச் சுவரை ஒட்டி, பள்ளத்தில், கூடை முடைகிறவர்களின் தெரு இருந்தது. மொத்தம் அறுபது பேர். மழை முடிந்தால் போதும், தெருவே இருமத் தொடங்கிவிடும். மன்னர் விருந்துண்டு கண்ணயர்கிற நேரம் பார்த்து ஒருவர் இருமுவார், அதற்கு இன்னொருவர் பதில் இருமுவார். மூன்று நாள் புரண்டு படுத்துப் பார்த்த மன்னர் நாலாம் நாள் ஆணை ஓலை எழுதச் சொல்லிவிட்டார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் தவணை. அதற்குள் இருமல் நிற்காவிட்டால் தெருவைக் காலி செய்து, அத்தனை பேரையும் அக்கரை முள்ளுக்காட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

அரண்மனை வைத்தியர் அமிர்தலிங்கம் எழுந்து கைகட்டி நின்றார்.

"அடியேன் பாரபட்சம் பார்த்தவன் அல்லன், பிரபு. தங்களுக்குத் தரும் கஷாயத்தையே அவர்களுக்கும் தந்தேன். தங்களுக்கு எழுதும் பத்திய ஓலையையே எழுத்துப் பிசகாமல் அவர்களுக்கும் எழுதினேன். அவர்கள் பத்தியம் காப்பதில்லை. அந்த உடம்புகளின் வாகே அப்படி."

முதல் மந்திரி கனகசபைக்கு உடனே கண் பளிச்சிட்டது. அவருக்கும் வைத்தியருக்கும் திருமேனியைக் கண்டாலே ஆகாது. வைத்தியரின் லேகியத்தை எறும்புகூட மொய்க்கவில்லை என்று அவன் சபையில் சொல்ல, மந்திரி அடக்கமாட்டாமல் சிரித்துவிட, அன்றிலிருந்து வைத்தியரின் அவமானமும் மந்திரியின் குற்ற உணர்ச்சியும் ஒன்றுசேர்ந்து அவன்மேல் திரும்பியிருந்தன. பத்தியத்தை மேற்பார்வை பார்க்கத் திருமேனியையே அனுப்பலாம், தவறினால் அவனும் அவர்களோடு அக்கரைக்குப் போகட்டும் என்றார் மந்திரி. மன்னருக்கு அது பிடித்துப்போயிற்று. விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றி நீட்டினார்.

"ஓலையில் கண்ட ஒரு வரியும் தவறலாகாது. தடுப்பவர் எவராயினும் நம் ஆணையைத் தடுத்தவர் ஆவார்."

திருமேனி தலையைப் பிடித்துக்கொண்டே மோதிரத்தை வாங்கினான்.

தெருவுக்குப் போனவனைக் காத்தாயி என்பவள் வாசலில் மறித்துக்கொண்டாள். உள்ளே அவள் புருஷன் மாசிலான் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான். ஜன்னல் இல்லாத வீடு. பத்தியம் காப்பதில்லையா என்று கேட்டதற்கு, ஓலையை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இங்கே இல்லை, கொண்டுவந்தவரும் வாசித்துக் காட்டவில்லை என்றாள். சரி என்று திருமேனி நின்றபடியே படித்தான்.

கஷாயம் மலையூற்று நீரில் காய்ச்ச வேண்டும். காத்தாயி தெருக் கிணற்றைக் காட்டினாள். ஓராண்டு பழைய அரிசிச் சோறும் பசுநெய்யும் கொள்ள வேண்டும்.

"நெய்யா? அத மோந்து பாத்தவங்ககூட இந்தத் தெருவுல இல்ல சாமி."

இருபுறமும் காற்று வரும் இடத்தில் படுக்க வேண்டும். உச்சிவேளைக்கு மேல் உழைக்கக் கூடாது. துர்நாற்றம் அண்டக் கூடாது. இதற்குக் காத்தாயி சுவரடிப் பக்கம் கையை நீட்டினாள். அரண்மனை மடைப்பள்ளிக் கழிவும் குதிரை லாயக் கழிவும் சுவரடியில் ஒரு துவாரம் வழியாக இறங்கி, கிணற்றை உரசிக்கொண்டு தெரு நடுவே ஓடின. மழைக்காலத்தில் எது கிணறு, எது சாக்கடை என்று தெரியாதாம். கடைசி வரியில், மனக்கவலை ஆகாது என்று இருந்தது.

"அது எந்தக் கடையில கெடைக்கும்?" என்றாள் காத்தாயி. "இவருக்கு நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது. அக்கரைக்கு நடக்கச் சொன்னா ஆத்துக்குள்ளயே போயிருவாரு. இதப் படிச்சுக் காட்டத்தான் மோதிரத்தோட வந்தீங்களா?"

திருமேனிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வைத்தியர்மேல், மன்னர்மேல், அந்த ஓலைமேல், பத்து வருஷம் அந்தச் சுவருக்கு மேலே நின்று சிரிப்புக் காட்டிவிட்டு ஒருநாளும் கீழே எட்டிப் பார்க்காத தன்மேல். பேசினால் புரிந்துகொள்கிற ஜாதி இல்லை மேலே இருப்பவர்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஆணையை அப்படியே நிறைவேற்றப் புறப்பட்டான்.

மலையூற்றிலிருந்து மன்னரின் நீராடு குளத்துக்கு வரும் வாய்க்காலை மண்வெட்டியால் மறித்து மேற்குத் தெருவுக்குத் திருப்பினான். காவலாளி ஓடிவந்தான், மோதிரத்தைப் பார்த்துவிட்டு அவனும் ஒரு மண்வெட்டி எடுத்தான். அரண்மனைக் களஞ்சியத்துப் பழைய அரிசியும் நெய்க்குடங்களும் தெருவுக்கு இறங்கின. இருபுறமும் காற்று வரும் இடம் ஊரிலேயே ஒன்றுதான், அரண்மனைத் தோட்டத்து மேட்டிலிருந்த வசந்த மண்டபம். அங்கே அறுபது பாய் விரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட இருமலை மன்னர் இப்போது இந்தப் பக்கம் கேட்டார். உச்சிக்கு மேல் யாரும் மூங்கில் தொடாததால் கூடை கிடைக்காமல், அந்தப்புரத்துக்குப் பூவைப் பணிப்பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். கடைசியாக, சுவரடித் துவாரத்தைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தான்.

மூன்றாம் நாள் மடைப்பள்ளி முற்றத்தில் கழிவு தேங்கியது. ஐந்தாம் நாள் அது பக்கத்திலிருந்த பழைய கிணற்றில் கலந்தது. ஊற்று நீர் போய்விட்டதால் அரண்மனையே இப்போது அந்தக் கிணற்றைத்தான் நம்பியிருந்தது. எட்டாம் நாள் மந்திரிக்குக் காய்ச்சல். பத்தாம் நாள் வைத்தியருக்கு. பன்னிரண்டாம் நாள் மன்னர் இருமினார். வைத்தியர் போர்வையோடு எழுந்து வந்து அதே கஷாயத்தைக் கொடுத்தார். மன்னர் இன்னும் பலமாக இருமினார். மண்டபத்தில் இருமல் குறைந்துகொண்டே வந்தது.

இருபதாம் நாள் திருமேனியைப் பிடித்துவரச் சொன்னார்கள். மந்திரி அவனை ராஜத்துரோகி என்றார். மன்னரின் நீரையும் சோற்றையும் காற்றையும் களவாடியவன் என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் இருமல் வந்துவிட்டது.

"பிரபு, நான் எதையும் களவாடவில்லை," என்றான் திருமேனி. "வைத்தியர் எழுதிய ஓலை, தாங்கள் தந்த மோதிரம். ஒரு வரியும் விடவில்லை. எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. மருந்தும் அதே மருந்து, வைத்தியரும் அதே வைத்தியர். அவர்கள் எழுந்து நடக்கிறார்கள், தாங்கள் படுத்திருக்கிறீர்கள். குற்றம் உடம்பின் வாகு என்றால், அந்த வாகு எப்படி இருபதே நாளில் படியேறி அரண்மனைக்கு வந்தது?"

மன்னர் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் தரையைப் பார்த்தார்.

"ஓலையில் இன்னும் ஏதேனும் எஞ்சியுள்ளதா?" என்று கேட்டார் மன்னர்.

"ஒரு வரி பாக்கி. மனக்கவலை ஆகாது என்று இருக்கிறது. நீரை நான் திருப்பினேன், சாக்கடையை அடைத்தேன். அந்தக் கவலை மட்டும் மந்திரியின் பெட்டியில், தெருவைக் காலி செய்யும் ஆணை ஓலையாக இருக்கிறது. அதை என்னால் எடுக்க முடியாது."

மன்னர் கையை நீட்டினார். மந்திரி தயங்கித் தயங்கி ஓலையைக் கொடுத்தார். மன்னர் அதை இரண்டாக முறித்துப் போட்டார். முறித்த கையோடு, ஊற்று வாய்க்காலை இரண்டாகப் பிரிக்கவும், கழிவைத் தெருவைச் சுற்றி மூடிய கால்வாயில் கொண்டுபோகவும், வீடுகளுக்கு இருபுறமும் ஜன்னல் வைக்கவும், கூடைக்குக் கூலியாகப் பழைய அரிசி அளக்கவும் சொன்னார். வைத்தியருக்கும் ஓர் ஆணை போட்டார். இனி யாருக்கு மருந்து எழுதுவதானாலும், அந்த வீட்டுக் கிணற்றையும் சோற்றுப்பானையையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

நாற்பத்தெட்டாம் நாள் மதியம் மன்னர் படுத்தார். மேற்கே ஒரு இருமல்கூட இல்லை. கண்ணயர்ந்த சமயத்தில் மூங்கில் பிளக்கும் சத்தம் கேட்டது. கூடவே ஒருவன் தொண்டை கிழியப் பாடினான், ஒரு பெண் அவனை நிறுத்தச் சொல்லிச் சிரித்தாள். மன்னர் எழுந்து சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். பாடியவன் மாசிலான், சிரித்தவள் காத்தாயி. மந்திரி ஆவலோடு, தெருவைக் காலி செய்யலாமா என்று கேட்டார். மன்னருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் தூக்கத்துக்கு இந்தத் தெருவில் மருந்தே கிடையாது போலும் என்றார்.

திருமேனியை அழைத்துப் பட்டுச் சால்வை போர்த்தி, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். தீராத தலைவலி ஒன்று இருக்கிறது, அதற்கு மருந்து வேண்டும் என்றான் அவன். வைத்தியர் புது ஆணைப்படி, வலி எங்கே இருக்கும்போது வருகிறது என்று விசாரித்தார். இந்தச் சபையில் நிற்கும்போது, மன்னர் யோசனை சொல்லத் தொடங்கியதும் என்றான். வைத்தியர் எழுத்தாணியை எடுத்து ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: ஒரு மண்டலத்துக்கு ராஜ யோசனை ஆகாது.

படித்த மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பத்தியத்தைத் தாமே காப்பதாக வாக்கும் கொடுத்தார். நாற்பத்தெட்டு நாளும் காத்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஒன்பது நாள் காத்தார். அந்த ஒன்பது நாளும் நாட்டில் ஒருவருக்கும் தலை வலிக்கவில்லையாம்.