உலகம்மாளுக்கு ஓய்வு கொடுத்த கதை

நல்லான்குளத்தில் இறங்கி உலகம்மாள் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள், சிரிப்பார்கள். சிரிப்பு எந்தப் பக்கம் அதிகமாகிறதோ அந்தப் பக்கமாக நடந்தால் வீடு வந்துவிடும்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் சுடலைமுத்து, நடுவுள்ளவன் இசக்கியப்பன், கடைக்குட்டி பலவேசம். மூவரும் வாழைத்தோட்டத்தில் நன்றாக உழைப்பார்கள், பெரியவர்கள் பேச்சைத் தட்டவே மாட்டார்கள். சங்கடமே அதுதான். யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள். ஆகையால் வீட்டு வேலை மொத்தமும் உலகம்மாள் தலையில். புருஷன் மாசானமுத்து ரைஸ்மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வையும் ஓர் உத்தியோகம் போல நேரம் தவறாமல் பார்த்து வந்தார்.

பொங்கல் நெருங்கிவிட்டால் உலகம்மாளுக்கு உட்கார நேரமிருக்காது. வெள்ளையடிக்க வேண்டும், பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், மாவிடிக்க வேண்டும். அந்த வருஷம் பரணிலிருந்து பித்தளைப் பானையை இறக்கும்போது தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு மூவரையும் ஒரு முறை முறைத்தார்.

"பொங்கல் முடியற வரைக்கும் அம்மா கையால ஒரு வேலையும் செய்யக் கூடாது. மனசுலயும் எந்தக் கவலையும் இருக்கக் கூடாது. அவங்க பாக்கிற வேலையெல்லாம் நீங்க மூணு பேரும் பிரிச்சுக்குங்க. புரியுதா?"

"புரியுது டாக்டர்" என்றார்கள் மூவரும். உலகம்மாள் முருகனைக் கும்பிட்டுக்கொண்டாள். அவர்கள் புரிகிறது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் அப்படித்தான் கும்பிடுவாள்.

ஆனாலும் உள்ளுக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பொங்கலைச் சூடாகச் சாப்பிட்டதே இல்லை. சாமிக்கு, காக்கைக்கு, புருஷனுக்கு, பிள்ளைகளுக்கு, வந்தவர் போனவருக்கு என்று போட்டுவிட்டு அவள் நிமிரும்போது, பானையடியில் ஆறி இறுகிப்போனதுதான் மிச்சமிருக்கும். இந்த வருஷமாவது யாராவது பொங்கிக் கொடுத்து, ஆவி பறக்கப் பறக்க, உட்கார்ந்த இடத்தில் ஒரு வாய் தின்றுவிட வேண்டும். இதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அம்மா வேலையைப் பிரிக்கணும்னா, அம்மாவுக்கு என்னென்ன வேலைன்னு தெரியணும்லா?" என்றான் சுடலைமுத்து.

"எனக்குத் தெரியாதுண்ணே."

"எனக்கும் தெரியாது. நான் பொறக்கதுக்கு முன்னாலேயே அவ வேலை பாக்க ஆரம்பிச்சிட்டா" என்றான் பலவேசம்.

சுடலைமுத்து அம்மாவிடம் வந்து பணிவாகச் சொன்னான். "யம்மா, நாளையிலேருந்து ஒனக்கு ஓய்வு. இன்னைக்கு மட்டும் ஒண்ணு விடாம எல்லா வேலையையும் செஞ்சு காட்டிரு."

தலை சுற்றி விழுந்தவள் அன்று முழுக்க வேலை செய்து காட்டினாள். அடுப்படியிலிருந்து கிணற்றடிக்கு, கிணற்றடியிலிருந்து தொழுவத்துக்கு என்று அவள் போன இடமெல்லாம் மூவரும் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். அவள் ஓர் இடத்தில் நின்று இடுப்பில் கையை ஊன்றி, "யப்பா முருகா" என்று பெருமூச்சு விட்டாள்.

"இதும் வேலைதான். மனசுல வச்சுக்க" என்றான் சுடலைமுத்து.

மறுநாள் காலை பங்கு பிரித்தாகிவிட்டது. சமையலும், சாயங்காலம் அப்பாவைத் திட்டுவதும் சுடலைமுத்துவுக்கு. வெள்ளையடிப்பதும், வாசலில் நின்று கவலைப்படுவதும், முருகனைக் கூப்பிடுவதும் இசக்கியப்பனுக்கு. பாத்திரம் தேய்ப்பதும், எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியாகச் சாப்பிடுவதும் பலவேசத்துக்கு. உலகம்மாளை நார்க்கட்டிலில் உட்கார வைத்தார்கள். அவள் தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டினாள். மூன்று பேரும் பாய்ந்து வந்து தடுத்தார்கள்.

"கையால ஒரு வேலையும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காவ."

இசக்கியப்பன் சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டினான். இரண்டாவது வாயில் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணே, மெல்லுததும் வேலைதான?"

சுடலைமுத்து நெடுநேரம் யோசித்தான். உலகம்மாள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு தீர்ப்புக்காகக் காத்திருந்தாள்.

"டாக்டர் கையைத்தான் சொன்னாவ. வாயைச் சொல்லல. அம்மாவே மென்னுக்கிடட்டும்."

அன்று மத்தியானம் பலவேசம் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தான். சோற்றுப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தான். ஒரு பருக்கை இல்லை.

"யம்மா, சோறு தீந்துட்டு. தீந்தா நீ என்ன செய்வ?"

"என்ன செய்ய? வடிச்ச கஞ்சியில உப்பைப் போட்டுக் குடிச்சுக்கிடுவேன்."

பலவேசம் அசந்துபோனான். "இப்படி ஒரு வேலையை நீ நேத்து செஞ்சு காட்டவே இல்லையே!" என்று கோபித்துக்கொண்டான். பிறகு கடமையாகக் கஞ்சியைக் குடித்துவிட்டு, "எனக்குப் பசியே இல்ல, நீங்க சாப்பிட்டாப் போதும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அதுவும் அம்மா தினமும் சொல்லிக் கேட்டதுதான். உலகம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன் வாய்ச் சொல் அடுத்தவன் வாயில் இவ்வளவு கேவலமான பொய்யாகக் கேட்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

இசக்கியப்பனுக்கு வேறு கஷ்டம். அவன் வாசலில் நின்று கவலைப்பட வேண்டும். அண்ணனும் தம்பியும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

"எல்லாரும் வீட்டுல கெடந்தா நான் யாருக்காகக் கவலைப்பட? அம்மா பிள்ளைங்க வர நேரமானாத்தான் வாசல்ல நிப்பா."

நியாயமான பேச்சு. சுடலைமுத்துவும் பலவேசமும் வெளியே போய் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். இசக்கியப்பன் வாசலில் நின்று கவலைப்பட ஆரம்பித்தான். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகக் கவலைப்பட்டான். கவலை முற்றி, அவர்களைத் தேடிக்கொண்டு குளத்தங்கரைப் பக்கம் ஓடினான். நேரம் கழித்து வந்த இருவரும் வாசலில் யாரும் இல்லாததைப் பார்த்தார்கள்.

"ஏல, கவலைப்படுத ஆளைக் காணும்! என்ன ஆச்சோ ஏதோ!" என்று அவனைத் தேடிக்கொண்டு அவர்கள் ஓடினார்கள். மூன்று பேரும் ஊரைச் சுற்றி ஒருவரை ஒருவர் தேடி முடிக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாசானமுத்து சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி, "இன்னுமா ஆகல? இன்னுமா ஆகல?" என்று காலியான அடுப்படியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வழியாகத் திரும்பி வந்த சுடலைமுத்து, அப்பா முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றான். திட்டுகிற நேரமாகிவிட்டது.

"ஒங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்? எங்க அப்பன் கண்ணை மூடிக்கிட்டுல்லா என்னைய இந்த வீட்டுல தள்ளிவிட்டான்!"

மாசானமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் என்னல செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. அதுக்குத்தான் அம்மா திட்டுவா. மீசையைப் பாரு, மீசையை!"

பசி ஒரு பக்கம், ஆறடி உயரத்தில் மீசையோடு நின்று பெண்டாட்டி மாதிரி திட்டுகிற பிள்ளை ஒரு பக்கம். மாசானமுத்துவுக்கும் தலை சுற்றிவிட்டது. நாளைக்குப் பொங்கல். டாக்டர் கிளினிக்கைச் சாத்தி, ஊருக்குப் போக வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். மூவரும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியை மறித்தார்கள்.

டாக்டர் அவசர அவசரமாகப் பிரஷர் பார்த்தார். "இவருக்கும் அதே வைத்தியம்தான். அவர் வேலையையும் நீங்களே பிரிச்சுப் பாத்துக்குங்க. அவர் ஒண்ணும் செய்ய வேண்டாம். வழியை விடுங்கப்பா!"

வீட்டில் மறுபடியும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டான் சுடலைமுத்து.

இசக்கியப்பன் மேலே பார்த்தான். பலவேசம் கீழே பார்த்தான். கட்டிலில் இருந்த உலகம்மாள் காதைத் தீட்டிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவளுக்கே தெரியாத விஷயம் இது.

"நாற்காலியில உக்காருவாரு" என்றான் பலவேசம் கடைசியில்.

"ஆங். அப்புறம் இன்னுமா ஆகலன்னு கேப்பாரு" என்றான் இசக்கியப்பன்.

"அப்படியே ஒறங்கிருவாரு" என்றான் சுடலைமுத்து.

மூன்று வேலை, மூன்று ஆள். இவ்வளவு நேர்த்தியாகப் பங்கு விழுந்ததை அவர்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை. உட்காருவது சுடலைமுத்துவுக்கு, கேட்பது இசக்கியப்பனுக்கு, உறங்குவது பலவேசத்துக்கு.

"அப்போ அம்மா வேலையை யாரு பாக்க?" என்று கேட்டான் பலவேசம்.

"டாக்டர் கடைசியாச் சொன்னது அப்பா வேலையைத்தான். கடைசிப் பேச்சுதான் செல்லும்" என்று சுடலைமுத்து முடித்துவிட்டான்.

பொங்கலும் போச்சு, சூடும் போச்சு என்று உலகம்மாள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்தது. தெரு முழுக்கப் பனையோலை எரிகிற வாசனை. உலகம்மாள் வீட்டு முற்றத்தில் சுடலைமுத்து சாய்வு நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தான். பலவேசம் பக்கத்தில் பாயை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இசக்கியப்பன் நடுவில் நின்று, "இன்னுமா ஆகல?" என்றான்.

மாசானமுத்து நாற்காலியிடம் வந்தார். ஆள் இருந்தது. பாயிடம் போனார். அங்கேயும் ஆள் இருந்தது. வாயைத் திறந்து, "இன்னுமா" என்று ஆரம்பித்தார். இசக்கியப்பன் ஓடி வந்து அவர் வாயைப் பொத்தினான். "நீங்க எதும் செய்யக் கூடாதுப்பா, நான் கேட்டுக்கிடுதேன்."

பாவம், அந்த மனுஷனுக்குத் தன் சொந்த வீட்டில் இருக்க இடமில்லாமல் போனது. சுற்றிச் சுற்றி வந்து, பொங்கலுக்காக முற்றத்தில் வைத்திருந்த அடுப்புக்கட்டி பக்கத்தில் நின்றார். அங்கே மட்டும்தான் ஆள் இல்லை.

உலகம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"சும்மாதான நிக்கிய? அந்த ஓலையைப் பத்த வைங்க."

"எனக்கு எங்க தெரியும்?"

"நான் மட்டும் தெரிஞ்சுக்கிட்டா பொறந்தேன்? தீப்பெட்டி மாடத்துல இருக்கு."

அவர் பற்ற வைத்தார். அவள் சொல்லச் சொல்லப் பானையை ஏற்றினார், அரிசி களைந்து போட்டார், கண்ணெரிந்து மூக்கைச் சிந்தினார். இசக்கியப்பன் அவர் காதருகே வந்து, "இன்னுமா ஆகல?" என்றான். சற்று நேரத்தில் மறுபடியும், "இன்னுமா ஆகல?"

மாசானமுத்து அகப்பையை ஓங்கிக்கொண்டு திரும்பினார். "ஏல மூதி, இங்க ஒருத்தன் வெந்துக்கிட்டு நிக்கது ஒன் கண்ணுக்குத் தெரியலையா?"

கட்டிலில் உலகம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே பானை பொங்கியது. உட்கார்ந்தபடியே அவள் குலவை போட்டாள்.

சூரியனுக்குப் படைத்த கையோடு மாசானமுத்து ஒரு வாழையிலைத் துண்டில் பொங்கலை வைத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். நாற்காலியைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியிடம் கொண்டுவந்து நீட்டினார். "இந்தா. எப்படி இருக்குன்னு தெரியல."

அடி பிடித்திருந்தது. வெல்லம் சரியாகக் கரையவில்லை. ஏலக்காயை மறந்துவிட்டார். ஆனால் ஆவி பறந்தது. உலகம்மாள் தன் கையாலேயே எடுத்து வாயில் போட்டாள். நாக்கு வெந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அந்த ஊரில் அவளைவிடச் சந்தோஷமாக யாரும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள். "நீங்களும் உக்காருங்க, கட்டில்ல எடமிருக்கு."

பொங்கல் வாசனை பிள்ளைகள் பக்கம் போனது. சுடலைமுத்து பேப்பரை இறக்கினான்.

"ஏல, சாப்பிடுத வேலையை யாருக்குப் பிரிச்சோம்?"

இசக்கியப்பன் திடுக்கிட்டான். "யாருக்கும் பிரிக்கலையே! எனக்குக் கேக்கது மட்டும்தான். ஒனக்கு உக்காருதது. அவனுக்கு ஒறங்குதது."

"அப்போ நம்மள்ல யாரும் சாப்பிட முடியாதா?"

"டாக்டரைக் கேக்காம எப்படி முடியும்?"

"டாக்டர் அவரு ஊருக்குப் போய்ட்டாரே. போய்க் கேட்டுட்டு வா."

"நான் தனியாப் போனா நீயும் அவனும் வேலையை விட்டுருவிய. கூடவே வாங்க."

அப்படித்தான் முடிவாயிற்று. வாழைத்தார் ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். அதில் சாய்வு நாற்காலியை ஏற்றினார்கள், நாற்காலியில் சுடலைமுத்து பேப்பரை விரித்துக்கொண்டு அமர்ந்தான். அவன் காலடியில் பலவேசம் கண்ணை இறுக மூடிக்கொண்டு தானே ஏறிப் படுத்தான். டாக்டருடைய ஊர் எந்தத் திசை என்று யாருக்கும் தெரியாததால் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கமே புறப்பட்டது. உலகம்மாள் மூன்றாவது இலைத் துண்டோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். இசக்கியப்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு வீட்டு முற்றத்தையும் பார்த்து, "இன்னுமா ஆகல? இன்னுமா ஆகல?" என்று கேட்டுக்கொண்டு போனான். தெருமுனைப் பள்ளத்தில் வண்டி தடதடவென்று இறங்கியது.

பலவேசம் குறட்டையை நிறுத்திவிட்டு, கண்ணைத் திறக்காமலே கத்தினான். "மெதுவாத் தள்ளுண்ணே! ஒருத்தன் வேலை பாத்துக்கிட்டிருக்கது தெரியலையா?"