நம்பிக்கைக்கு ஒரு செம்புத் தண்ணீர்

முன்னொரு காலத்தில், யானை மாலை போட்டதால் ராஜாவான ஒருவர் இருந்தார். பழைய ராஜா பிள்ளை இல்லாமல் கண்ணை மூடிவிட்டார். என்ன செய்வது? பட்டத்து யானை மங்களவல்லியின் தும்பிக்கையில் ஒரு மாலையைக் கொடுத்துத் தெருவில் விட்டார்கள். அது பெரிய பெரிய பிரபுக்களை எல்லாம் தாண்டிப் போய், கடைத்தெரு ஓரமாக நடந்துகொண்டிருந்த ஓர் இளைஞனின் கழுத்தில் மாலையைப் போட்டது. "தெய்வமே யானை வழியாகச் சொல்லிவிட்டது!" என்று ஊர் விழுந்து கும்பிட்டது. யானை மாலை போடும் சடங்குக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுத்தவர் அரண்மனைச் சோதிடர் மார்த்தாண்டர். அந்த இளைஞர்தான் மகுடவர்மர். இப்போது மீசை நரைத்துவிட்டது.

நல்ல ராஜாதான். ஒரே ஒரு குறை. காலையில் மனத்தில் ஒன்று தோன்றினால், சாயங்காலத்துக்குள் அது சட்டமாகிவிட வேண்டும்.

ஒருநாள் அவர் வேட்டை முடிந்து திரும்பும்போது, எல்லையம்மாள் கோயில் அருகே பல்லக்கு நின்றுவிட்டது. பாதை முழுக்க ஜனங்கள். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் ஓர் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் நிற்கிறது பல்லக்கு?"

"ஆடு துளுக்கவில்லை, பிரபு."

"என்ன?"

"பலி கொடுக்கும் முன் ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், பிரபு. அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். துளுக்கும்வரை ஒருவரும் அசைய மாட்டார்கள்."

"ராஜா வந்திருக்கிறார் என்று சொன்னாயா?"

காவலன் தலையைச் சொறிந்தான். "சொன்னேன், பிரபு. 'அவரையும் செத்த நேரம் நிக்கச் சொல்லு'ன்னு சொல்லிட்டாங்க பூசாரியம்மா."

ராஜா நின்றார். வெயிலில் வெகுநேரம் நின்றார்.

மறுநாள் சபையில் அவருக்கு வேறு பேச்சே இல்லை. "ஓர் ஆட்டுக்காக ஊரே நிற்கிறது, நானும் நிற்கிறேன்! என் நாட்டில் எத்தனை நம்பிக்கைகள்! பல்லி கத்தினால் நல்லது என்கிறான் ஒருவன். செத்தால் மறுபடி பிறப்போம் என்கிறான் இன்னொருவன், ஒரே பிறவிதான் என்கிறான் அவன் பக்கத்து வீட்டுக்காரன். எல்லாமே எப்படி உண்மையாக இருக்கும்? எது நம்பத் தக்கது, எது தகாதது? யாராவது பிரித்துச் சொல்லுங்கள்!"

மார்த்தாண்டர் மெல்ல எழுந்தார். ராஜாவுக்கு வலப்பக்கத்து ஆசனம் முன்பு அவருடையதாக இருந்தது. இப்போது அதில் விகடன் ஏகாம்பரம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராஜாவைச் சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்தே அங்கே வந்து சேர்ந்துவிட்டான். சோதிடருக்கு அந்த ஆசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

"அரசே, இதற்கு ஏகாம்பரமே தகுந்தவர். அந்த எல்லையம்மாள் அவருடைய குலதெய்வம் அல்லவா? ஆட்டிலிருந்தே தொடங்கட்டும். ஆடு துளுக்குவது தெய்வ வாக்கு என்று சபையில் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் அந்தக் கோயிலை இடித்து, கற்களை என் தோட்டத்து மேடைக்குத் தாருங்கள். நட்சத்திரம் பார்க்கவாவது உதவும். பொய்யைத் தாங்கிப் பேசியவரும் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்பக் கூடாது, ஏகாம்பரம்!" என்றார் ராஜா. "நாளைக்கே நடக்கட்டும்!"

சாயங்காலம் ஏகாம்பரத்தின் வீட்டுக்கு மூச்சிரைக்க வந்தாள் பேச்சியக்காள். அந்தக் கோயில் பூசாரி அவள்தான்.

"ஏலே ஏகாம்பரம், கோயிலை இடிக்கப் போறாகளாமே? நெசமா?"

"நெசந்தான் அக்கா."

"நீ என்ன சொல்லப் போற? ஆடு துளுக்குறது ஆத்தா உத்தரவுன்னு அடிச்சுச் சொல்லு!"

"அக்கா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. தலையில தண்ணி ஊத்துனா ஆடு துளுக்காம வேற என்ன செய்யும்?"

பேச்சியக்காள் முறைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்? பொறந்ததுல இருந்து ஆடு மேய்க்கிறவ நான். மழையில நனைஞ்சாலும் அது துளுக்கத்தான் செய்யும்."

"பிறகு எதுக்கு இத்தனை கூத்து?"

"சில நேரம் துளுக்காம மொறைச்சிக்கிட்டு நிக்கும்லா? அப்ப ஊர் பூராவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கும். 'யார் மனசுல என்ன கொறை இருக்கு, வந்து சொல்லுங்க'ன்னு கேப்போம். ராசா பல்லக்கு நின்னுச்சே, அன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? எங்கிட்ட வருஷக்கணக்கா பேசாத என் நாத்தனா கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வந்து, 'மதினி, தப்பு என்மேலதான்'னு கையைப் புடிச்சுக்கிட்டா. அடுத்த நிமிசம் ஆடு துளுக்கிருச்சு!"

"தானா துளுக்குச்சா?"

"இன்னொரு செம்பு ஊத்துனேன்."

"அக்கா..."

"கொஞ்சம் காதுக்குள்ள ஊத்துனேன். அதுக்கு என்ன இப்போ? ஆத்தா வேண்டாம்னா சொன்னா?"

ஏகாம்பரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு யோசித்தான். "நாளைக்கு அடுத்த பலிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டைக் கூட்டிட்டு வா. செம்பையும் எடுத்துக்கோ. கழுத்துல மஞ்சத்துணி முடிப்பு கட்டுவியே, அதை மட்டும் நான் கட்டி விடுறேன்."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. ஆடு மஞ்சள் முடிப்போடு நடுவில் நின்று, தூணில் செதுக்கியிருந்த கல் இலையை நக்கிப் பார்த்தது.

மார்த்தாண்டர் கையில் செம்போடு வந்தார். "இதோ, அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர். மஞ்சள் இல்லை, பூசை இல்லை, மந்திரம் இல்லை. தெய்வத்தைக் கூப்பிடாமலே ஊற்றுகிறேன். அப்போதும் துளுக்கினால், அதில் தெய்வத்துக்கு வேலை இல்லை. சரிதானே?"

"ரொம்பச் சரி," என்றான் ஏகாம்பரம்.

சோதிடர் ஊற்றினார். ஆடு கொம்பிலிருந்து வால்வரை சிலிர்த்து ஓர் உதறு உதறியது. பாதித் தண்ணீர் சோதிடரின் பட்டு அங்கவஸ்திரத்தில் தெறித்தது. சபை கொல்லென்று சிரித்தது.

"பார்த்தீர்களா! வெறும் குளிர்! ஏகாம்பரம், ஒப்புக்கொள்கிறீரா?"

"ஒப்புக்கொள்கிறேன். அது குளிர்தான்."

"எலே, பாவி!" என்றாள் பேச்சியக்காள். "ஆத்தா கோயிலை நீயே இடிச்சுப்புட்டியே!"

ஏகாம்பரம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோமோ என்று பயம்.

"அரசே, சோதிடரின் பரீட்சை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பூசையும் நல்ல நேரமும் இல்லாமல் செய்து பார்க்க வேண்டும். அப்போதும் நடந்தால் அதில் தெய்வம் இல்லை. என்ன அழகான அளவுகோல்! எல்லா நம்பிக்கைக்கும் இதே அளவுகோல்தானா, ஆட்டுக்கு மட்டும் தனியா?"

"எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்!" என்றார் சோதிடர், வெற்றிக் களிப்பில்.

"என் ஆணையும் அதுவே," என்றார் ராஜா. "அரண்மனையிலிருந்தே தொடங்கு. யாரும் பாரபட்சம் என்று சொல்லக் கூடாது."

"உத்தரவு, அரசே. சோதிடரே, இப்போது என்ன நேரம்?"

"ராகு காலம்."

"ரொம்ப நல்லது. யாரங்கே! மங்களவல்லியின் தும்பிக்கையில் ஒரு மாலையைக் கொடுத்து உள்ளே அனுப்புங்கள்!"

ராஜாவின் முகம் வெளுத்தது. ஆனால் ஆணை அவருடைய ஆணை. எப்படித் திரும்பப் பெறுவது?

யானை வந்தது. அப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! ராஜா உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும்போது, மாலை தன் கழுத்தில் விழுந்தால் தலை தங்குமா? சேனாபதி தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். "எனக்கு வேண்டாம் தாயே, எனக்கு ராஜாவாக ஆசையே இல்லை!" என்று கத்தினார் ஒரு பிரபு. மார்த்தாண்டர் சிங்காதனத்துக்கு அடியில் புக முயன்று, பாதியில் மாட்டிக்கொண்டார்.

மங்களவல்லி ராஜாவின் முன்னால் வந்தது. அவரை ஒரு தடவை முகர்ந்தது. நகர்ந்துவிட்டது. நேரே ஆட்டிடம் போய், அதன் கழுத்தில் மாலையைப் போட்டது!

"மங்களவல்லி மாலையிட்ட மாமன்னர் வாழ்க!" என்று முழங்கினான் கட்டியக்காரன். மாலை விழுந்தால் முழங்கிப் பழகிய வாய். அடுத்த நொடி இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டான்.

மாமன்னர் கழுத்தைத் திருப்பி, மாலையில் இருந்த சாமந்தியைத் தின்ன ஆரம்பித்தார்.

"சோதிடர் பெருமானே, கொஞ்சம் வெளியே வாருங்கள்," என்றான் ஏகாம்பரம். "யானை போட்ட மாலை தெய்வ வாக்கா, யானையின் இஷ்டமா?"

மார்த்தாண்டர் ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தார். தெய்வ வாக்கு என்றால் ஆட்டைக் கும்பிட வேண்டும். யானையின் இஷ்டம் என்றால் ராஜாவுக்கு அரியணை எப்படி வந்தது? "அதாவது... கிரகநிலையைப் பார்த்தால்... ஒரு வகையில்..." என்று இழுத்தார்.

ராஜா எழுந்தார். யானை ஆட்டின் கழுத்தில் இருந்த முடிப்பைத் தும்பிக்கையால் அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"ஏகாம்பரம், அந்த முடிப்பில் என்ன?"

"வெல்லம், அரசே. மாலையைக் கீழே வைத்தால்தானே தும்பிக்கையால் வெல்லத்தை எடுக்க முடியும்? வைக்க வாகாக ஒரு கழுத்து இருந்தது."

ராஜா அப்படியே சிங்காதனத்தின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்றைக்கு..." என்றார். "அன்றைக்கு என் அம்மா பணியாரத்துக்கு வெல்லம் வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வரும் வழியில்தான் மாலை விழுந்தது. ஊரே கும்பிட்டது. பிறகு பார்த்தால் வெல்லப் பொட்டலத்தைக் காணோம். இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அப்படியென்றால் நான் ராஜாவே இல்லையா?"

ஏகாம்பரமும் படியில், ராஜாவுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தான். இப்போது அவன் முகத்தில் விகடம் இல்லை.

"வெல்லம் உங்களை இங்கே உட்கார வைத்தது, அரசே. பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறக்கச் சொன்னதும் வெல்லமா? மேற்கே ஏரி வெட்டியது யானையா? அன்று ஜனங்கள் யானையைப் பார்த்து உங்களை நம்பினார்கள். இன்று ஏரியைப் பார்த்து நம்புகிறார்கள். மழுப்பக் கூடாது என்றீர்கள், மழுப்பாமல் சொல்கிறேன். இரண்டு நம்பிக்கையும் ஒன்றல்ல. யானை சொன்னது ஒரு பொட்டலத்தில் கரைந்துவிட்டது. ஏரி நிற்கிறது."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. அப்படியானால் எல்லையம்மாள்?"

"நாம் விசாரித்தது ஆட்டை. அது 'எனக்குக் குளிர்ந்தது' என்று சொல்லிவிட்டது. இனி ஆடு சொன்னது அம்மன் வாக்கு என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், நம்பாதீர்கள். ஆனால் அம்மனை யாரும் விசாரிக்கவில்லையே! இருக்கிறாள் என்றும் காட்டவில்லை, இல்லை என்றும் காட்டவில்லை. செம்புத் தண்ணீரால் அளக்க முடிந்ததை அளந்துவிட்டேன். அளக்க முடியாததையும் அளந்துவிட்டேன் என்று சொன்னால், நான் விகடன் இல்லை, சோதிடன்."

"அந்த ஆடு நிக்கிற நேரத்துல ஊர்ப்பகை தீருது, ராசா," என்றாள் பேச்சியக்காள், தைரியம் வந்து. "ஆத்தா முன்னாடி நிக்கிறோம்னுதான் சனங்க வாயத் தொறக்குதுக. கோயிலைப் பேத்துட்டா எங்க போய் நிக்கும்?"

ராஜா தலையை ஆட்டினார். பிறகு மார்த்தாண்டரைப் பார்த்தார். "சோதிடரே, கேட்டது நீர்தான். கோயில் இருக்கட்டுமா? உமக்குச் சம்மதமா?"

மார்த்தாண்டர் உதட்டை இறுக்கிக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தார். சம்மதம் என்றால் தோல்வி. சம்மதமில்லை என்றால் யானை வழக்கு மறுபடி வரும். அசையாமல் முறைத்துக்கொண்டு நின்றார்.

"உத்தரவு வர மாட்டேங்குதே அக்கா," என்றான் ஏகாம்பரம். "நம்ம ஊர்ல இதுக்கு என்ன வழக்கம்?"

பேச்சியக்காள் தன் செம்பை நீட்டினாள். "இன்னொரு செம்பு ஊத்துவோம்."

"தலையிலா?"

"கொஞ்சம் காதுக்குள்ளயும்."

ஏகாம்பரம் ஊற்றினான். மார்த்தாண்டர் உச்சி முதல் பாதம்வரை சிலிர்த்து, குடுமி அவிழ, குண்டலம் குலுங்க, ஓர் உதறு உதறினார் பாருங்கள்! அந்த ஆடே தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"துளுக்கிட்டாரு! சாமி துளுக்கிட்டாரு!" என்று குலவை போட்டாள் பேச்சியக்காள்.

ராஜா சிரித்தார். கிரீடம் கழன்று உருளும்வரை சிரித்தார். பல வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த வெல்லப் பொட்டலம் அன்றைக்குத்தான் கரைந்தது போல அப்படி ஒரு சிரிப்பு. அவர் சிரிப்பதைப் பார்த்து, தூணுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"உத்தரவு கிடைத்துவிட்டது. கோயில் இருக்கும். ஆட்டை என்ன செய்யப் போகிறாய், அம்மா?"

"ராசாவா இருந்த ஆட்டை எப்படி வெட்டுறது, சாமி? ஏரிக்கரையில மேயட்டும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்தின் கழுத்தில் போட்டார்.

ஏகாம்பரம் அவசரமாக மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "அரசே, என்னிடம் வெல்லம் இல்லையே!"

"தெரியும்," என்றார் ராஜா. "பார்த்துவிட்டுத்தான் போட்டேன்."