தண்ணீரைக் கேட்ட அணில்

தேக்கங்காட்டில் இலையுதிர் காலம். குளக்கரை முழுக்கச் சருகு. அடுத்துக் கோடை வந்துவிட்டால் கொறிக்க ஒன்றும் கிடைக்காது. வரிச்சி என்ற அணிலுக்கு மூன்று குட்டிகள். வீட்டில் இருந்ததோ ஒரு பிடி புளியங்கொட்டைதான்!

அந்த அணிலின் மரப்பொந்து மேல் மஞ்சமூக்கன் என்ற மைனாவுக்கு ஒரு கண்.

"வரிச்சி அக்கா! குளக்கரையில் ஒரு குவியல் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். கோடை முழுக்கப் போதும். அதை எடுத்துக்கொண்டு பொந்தை எனக்குக் கொடு!"

"கொட்டை நல்லதுதானா?"

"என்னை நம்பாதே, ஊரைக் கேள்!" என்ற மைனா, முன்னால் பறந்துபோய்க் குளக்கரைப் புதருக்குள் ஒளிந்துகொண்டது. பின்னாலேயே வரிச்சியும் குளக்கரைக்கு வந்தது. எந்தக் குரலையும் அச்சு அசலாகப் பேசும் பறவை அது.

"க்ர்ர்... தவளை பேசறேன். அருமையான கொட்டை, புள்ளே!" என்றது புதர்.

"ஊம்... நான் ஆந்தை. பகல்லே தூங்க விடுங்களேன்! நல்ல கொட்டைதான், எடுத்துட்டுப் போ!"

"ஆஹா, நான் மயில்! என் தோகைமேல சத்தியம், கண்ணு!"

மூன்று பேர் சொல்லிவிட்டார்களே! வரிச்சிக்கு ஆசைதான். ஆனால் ஏமாந்தால் குட்டிகளுக்கு வீடும் இல்லை, சாப்பாடும் இல்லை.

"எல்லாருக்கும் நன்றி! தண்ணீரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்" என்றது.

மைனா திருதிருவென்று விழித்தது. தண்ணீர் மாதிரிப் பேச அதற்குத் தெரியாதே!

வரிச்சி தன் வீட்டிலிருந்து நல்ல கொட்டை ஒன்றைக் கொண்டுவந்து குளத்தில் போட்டது. முங்கிப்போனது. குவியலிலிருந்து ஒன்றைப் போட்டது. மிதந்தது! இன்னொன்று? அதுவும் மிதந்தது! கடித்துப் பார்த்தால், பருப்பை வண்டு தின்றுவிட்டிருந்தது. உள்ளே வெறும் காற்று!

"யாரது, என் தலைமேல கொட்டையைப் போடறது?" என்று நிஜத் தவளை எட்டிப் பார்த்தது.

"நீங்கதானே அருமையான கொட்டைன்னு சொன்னீங்க?"

"நானா? இப்பத்தானே கண்ணே முழிச்சேன்!"

புதரிலிருந்து மைனா எடுத்தது ஓட்டம்!

நடந்ததைக் கேட்ட தவளை வாயைப் பிளந்தது. "அடி சாமர்த்தியக்காரி! கொட்டையை உடைக்கறதுக்கு முன்னாடியே உள்ளே பார்த்துட்டியே!"

அன்றே காடு முழுக்கச் செய்தி பரவியது. முள்ளம்பன்றி, காட்டெலி, முயல் எல்லாம் தங்கள் விதைகளோடு வரிசையில் நின்றன. "அக்கா, எங்களுக்கும் பார்த்துச் சொல்லு!" வரிச்சி சலிக்காமல் போட்டுக் காட்டியது. முங்கிய நல்ல விதையில் ஆளுக்கொரு பிடி வரிச்சிக்கு வைத்துவிட்டுப் போயின. மூன்று குட்டிகளும் அந்தக் கோடையைப் பொந்துக்குள்ளேயே கொறித்துக் கழித்தன.

எத்தனை பேர் வாயால் சொன்னாலும், நாமே ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.