ஆவணிக்குத் தள்ளிப்போன லண்டன் பரிசு

கதையைச் சொல்வது என் வேலை. தீர்ப்பு உங்கள் பொறுப்பு. அவசரக்காரர்கள் இதில் தவறாமல் சறுக்குவார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

குடியாத்தத்தில் தணிகாசலம் என்று ஒருவர். சர்க்கரை ஆலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி வேதவல்லி பங்குனியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, இனித் தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் வைகாசியிலேயே சொல்லிவிட்டார். அவளோ கட்டிலை விட்டு இறங்கவில்லை. தரையைப் பார்த்தாலே மறுபடி விழுந்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம். தணிகாசலமும் வற்புறுத்தவில்லை. சமைத்துப் போட்டார், தலை வாரிவிட்டார், அவளுக்காக உட்கார்ந்து சீரியல்கூடப் பார்த்தார். வாய் தவறியும் "எழுந்திரு" என்று சொன்னதில்லை. சொல்லி அவள் அழுதுவிட்டால் இந்த மனிதருக்குத் தாங்காது.

ஆனி மாதக் கடைசியில் அவள் செல்போனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. லண்டன் லாட்டரியில் பத்துக் கோடி விழுந்திருக்கிறதாம். கட்டணம் நாற்பதாயிரத்தை உடனே வங்கியில் கட்டினால் போதுமாம். இங்கிலீஷில் இருந்ததால் தணிகாசலம் தமிழில் படித்துச் சொன்னார். இது மோசடி என்று இரண்டாவது வரியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லத்தான் தலையைத் தூக்கினார். யாரும் பிடிக்காமல், வேதவல்லி தானாகவே எழுந்து கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சீட்டே வாங்கலியே, எப்படிங்க விழும்?"

தொண்டை வரை வந்த சொல்லை அவர் விழுங்கிக்கொண்டார். "ஈமெயில் அட்ரஸையே சீட்டா எடுத்துக்கிட்டாங்களாம்."

"அப்படின்னா பேங்குக்கு நானேதான் வருவேன். மகாலட்சுமி வர்றப்ப படுத்துக்கிட்டேவா வான்னு கூப்பிடறது?" என்றவளுக்குச் சட்டென்று முகம் மாறியது. "ஐயையோ, ஆடி பொறக்கப் போகுதே! ஆடியில வாங்கின பணம் விளங்குமா? ஆவணியில நல்ல நாள் பார்த்து வாங்கிக்கறோம்னு எழுதிடுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அந்தப் பக்கத்தில் இருந்த திருடன் திண்டாடிப்போனான். இன்றே கட்டாவிட்டால் பரிசு வேறொருவருக்குப் போய்விடும் என்று மிரட்டினான். போனால் போகட்டும், ஆடியில் மட்டும் வேண்டாம் என்று பதில் போயிற்று. கெஞ்சிப் பார்த்தான், அதுவும் எடுபடவில்லை. கடைசியில், உங்கள் ஆடி எப்போது முடியும் அம்மா என்று மரியாதையாகவே கேட்டு எழுதினான். எத்தனையோ பேரை மொட்டையடித்தவன் ஒரு தமிழ் மாதத்திடம் மாட்டிக்கொண்டு முழித்தான்.

அந்த ஆடியில்தான் வேதவல்லி நடை பழகினாள். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை, பிறகு கைத்தடி ஊன்றி வாசல் வரை. ஆடிப்பெருக்கன்று கைத்தடியை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். தணிகாசலம் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் மகள் தேன்மொழி ஓசூரிலிருந்து வந்தாள். விஷயம் தெரிந்ததும் அப்பாவைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இன்னிக்கே சொல்லிடுங்கப்பா. பணம் கட்டணும்னு அம்மா வளையலை அடகுக்கு எடுத்து வெச்சிருக்காங்க."

"பணம் போகாதும்மா. நான் கட்ட விடுவேனா?"

"நான் பணத்தைப் பத்திப் பேசல."

"உங்கம்மா மறுபடி படுத்துட்டா என்ன பண்றது? ஆவணி வரைக்கும் போகட்டும், நானே சொல்லிடறேன்."

"அதுக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

தணிகாசலம் தினமும் வாயெடுத்தார். மனைவியின் சிரித்த முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவார். ஆடி போய் ஆவணியும் பிறந்துவிட்டது.

முதல் முகூர்த்த நாளன்று வேதவல்லி பட்டுப்புடவை கட்டி, வளையல்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முந்தின நாள் இரவே வந்திருந்த தேன்மொழி அப்பாவைப் பார்த்தாள். அவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். வாசற்படியில் கால் வைத்த அம்மாவை மகள் நிறுத்தினாள்.

"அம்மா, பரிசுன்னு எதுவும் இல்லம்மா. எவனோ ஏமாத்தறான்."

வேதவல்லி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து."

அவள் முகம் சுண்டிவிட்டது. கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே திரும்பினால் கட்டில், முன்னால் தெரு.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஒரு திருடன் சொன்ன பொய்யால்தான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். கணவர் அந்தப் பொய்யைக் காப்பாற்றி வைத்ததால் தெருமுனை வரை நடந்தாள். மகள் சொன்ன உண்மையோ அவளை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டது. கணவர், மகள் இருவரில் யார் செய்தது சரி?

விடை: திருடனை விட்டுத் தள்ளுங்கள்; அவனுக்கு வேண்டியது நாற்பதாயிரம். தணிகாசலத்தின் மௌனம் ஆடிப்பெருக்கு வரை மருந்தாக இருந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். கைத்தடி இல்லாமல் அவள் கோயிலுக்குப் போய் வந்த பிறகும் அவர் வாயைத் திறக்காதது அவள் காலுக்காக இல்லை. அவள் முகம் வாடுவதைப் பார்க்கப் பயந்த தன் மனசுக்காக. வங்கியில் நாலு பேர் முன்னால் தெரியவிடாமல் வீட்டு வாசலிலேயே சொன்ன மகள் செய்ததே சரி. இது என் கட்சி. வேதவல்லி சொன்ன தீர்ப்பு வேறு. "நான் மறுபடி படுத்துடுவேன்னுதானே சொல்லல? வா வேதா, நான் பிடிச்சுக்கறேன்னு நீங்க ஒரு தடவை கூப்பிட்டிருந்தா வைகாசியிலயே நடந்திருப்பேனே!" தணிகாசலம் பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கையை நீட்டினார். அவள் அந்தக் கையில் வளையல் பையை வைத்துவிட்டு, படியிறங்கி முன்னால் நடந்தாள்.