வழுக்குமரத்தில் ஏறிய தொந்தி

மருதங்காவல் அரசவையில் கூத்தபிரான் என்று ஒரு விகடர் இருந்தார். அவருக்கு அறிவு கொஞ்சம், தொந்தி நிறைய. இதை ஊர் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். வேலை கிடைத்த கதையையும் மறைக்கமாட்டார். "மாமனார் அரண்மனைச் சமையல்காரர். அவர் வைத்த புளிக்குழம்பு மகாராஜாவுக்குப் பிடித்தது. அதனால் நான் புத்திசாலி ஆனேன்" என்பார்.

அந்த வருஷம் பெரிய ஏரியின் கண்காணி இறந்துபோனார். மதகு எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்கிற பதவி அது. அரசர் மார்த்தாண்டராயர் முரசறையச் சொன்னார்: "ஏழை, பணக்காரன் பேதமில்லை. கோயில் திருவிழா வழுக்குமரத்தின் உச்சியில் கண்காணி மோதிரம் தொங்கும். எடுத்தவனுக்குப் பதவி!"

மரம் மூன்று ஆள் உயரம். ஆமணக்கெண்ணெயும் சோற்றுக்கற்றாழையும் பூசிப் பளபளவென்று நின்றது.

முதலில் வந்தவன் கொப்பையன். இருபது வருஷமாக ஏரிக்குள் முங்கி மதகுக்கல்லைத் தூக்குகிறவன். பாதி மரம் ஏறினான், சர்ரென்று இறங்கினான். மூன்று தரம் அப்படித்தான். மரத்து எண்ணெயில் பாதி அவன் மார்பில் இருந்தது.

அடுத்தது படைத்தலைவர் நாகமரின் பிள்ளை சின்ன நாகமர். பட்டு வேட்டியை மடித்துக்கூடக் கட்டவில்லை. இரண்டு வேலைக்காரர்கள் வந்தார்கள். ஒருவன் குனிந்தான், இன்னொருவன் அவன் தோளில் ஏறி நின்றான். சின்னவர் மேலே ஏறக் காலைத் தூக்கினார்.

கூத்தபிரான் மனதுக்குள் கணக்குப் போட்டார். மோதிரம் அந்த விரலுக்குப் போனால் நாகமரின் தென்னந்தோப்பு நீந்தும், கடைமடை வயல்கள் வெடிக்கும். 'வாயை மூடு, உனக்கென்ன நிலமா நீச்சா' என்று தன்னையே அதட்டினார். வாய் கேட்கவில்லை.

"அரசே, இவர் ஏறவில்லை. ஏற்றுகிறார்கள்."

"என் வீட்டு ஆட்கள்தானே? முரசில் தடை சொன்னார்களா?" என்று சீறினார் நாகமர். "அவனும் தன் வீட்டு ஆட்களைக் கூட்டி வரட்டுமே!"

கொப்பையன் தலையைச் சொறிந்தான். "என் வீட்ல ஆளுன்னா நானும் பொண்டாட்டியும்தாஞ் சாமி. அவ நடவுக்குப் போயிருக்கா."

அரசருக்குக் கோபம். "கூத்தபிரானே, மரம் ஒன்று, எண்ணெய் ஒன்று, உயரம் ஒன்று. இதைவிடச் சமம் என்ன வேண்டும்? குறை சொன்னீரே, இப்போதே நீர் ஏறும். ஏறாவிட்டால் நாளை முதல் சபைக்கு வரவேண்டாம்!"

கூட்டம் அவர் தொந்தியைப் பார்த்துச் சிரித்தது. அவரும் பார்த்துக்கொண்டார். சிரிப்பு வரத்தான் செய்தது.

"உத்தரவு, அரசே. என் வீட்டு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா?"

"கூப்பிடும்."

"மச்சான்! மங்கையைக் கொண்டு வா!"

அவர் மச்சான் அரண்மனை யானைப்பாகன். மங்கை ஆடி அசைந்து வந்து முழங்கால் மடக்கியது. கூத்தபிரானை நாலு பேர் தள்ளி மேலே ஏற்றினார்கள். யானை எழுந்தது. அதன் தலைமேல் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு மோதிரத்தைப் பறித்தார்.

"அநியாயம்!" என்று கத்தினார் நாகமர். "தூக்கியது யானை! இந்த ஆள் எங்கே ஏறினார்?"

"அதேதான் நானும் சொன்னேன் ஐயா. அப்போது யாருக்கும் காது கேட்கவில்லை. யானைமேல் நின்று சொன்னால் நன்றாகக் கேட்கிறது."

அரசர் மீசையைத் தடவினார். "சரி, மோதிரம் உம்முடையது. ஏரியைப் பார்த்துக்கொள்ளும்."

"ஐயோ, எனக்கு நீச்சலே தெரியாது. அண்டாவில் குளிக்கவே மனைவி துணைக்கு நிற்பாள். ஏற்றியது மங்கை, பதவியை அதற்கே கொடுங்கள். எங்கள் மூவரில் தினம் ஏரியில் இறங்குகிறது அதுதான்."

"மூவர் யார்?"

"சின்ன நாகமர், நான், யானை."

அரசர் சிரித்துவிட்டார். "எல்லோரும் ஏரிக்கரைக்கு நடங்கள்! முங்கி மதகுக்கல்லைத் தூக்குகிறவனுக்கு மோதிரம். வேலைக்காரர்களும் யானையும் கரையிலேயே நிற்கட்டும்."

சின்ன நாகமர் கால் விரலை நனைத்துப் பார்த்து, ஜலதோஷம் என்றார். கொப்பையன் முங்கினான். கூத்தபிரான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார், முப்பதில் அவருக்கே மூச்சு முட்டியது. பிறகுதான் வாய்க்காலில் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது.

மோதிரம் கொப்பையன் விரலுக்குப் போனது. மங்கைக்கு ஒரு கட்டுக் கரும்பு.

அரசருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கூத்தபிரானே, இனி சபையில் யாருக்கும் சும்மா நாற்காலி இல்லை. அந்த மரத்தை அரண்மனை வாசலிலேயே நடச் சொல்கிறேன். எல்லோரும் துணையில்லாமல் ஏறிக் காட்டட்டும்!"

கூத்தபிரான் கும்பிட்டார். "எனக்கு மட்டும் விலக்கு வேண்டும் அரசே. நான் இந்தச் சபைக்கு ஏறி வந்தது மாமனார் தோளில். அவரோ காலமாகிவிட்டார்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"என் அப்பாவும்தான் காலமாகிவிட்டார்" என்றார் மெல்ல.

அன்று சாயங்காலமே வழுக்குமரம் விறகுக்குப் போனது. எண்ணெய் ஊறின மரம், நன்றாக எரிந்ததாம்.