அரசர் காதில் கேட்ட மத்தளம்

மாங்குளத்தூரை ஆண்ட விசயரங்க பூபதிக்குக் குடி இல்லை, சூது இல்லை, வேட்டை இல்லை. இருந்தது ஒரே பைத்தியம்தான்: சத்தம்! வீணை கேட்டால் மட்டும் அவருக்குப் போதாது. தந்தி அதிர்ந்து அடங்கும் கடைசி இழைவரை காதில் விழ வேண்டும். அதற்கென்றே ஓர் இசைமண்டபம் கட்டினார். சுவரெல்லாம் கம்பளம், நாதம் கும்மென்று முழங்கத் தரைக்கடியில் மண்பானைகள். ஆசனத்தை ஒரு விரல்கடை வலப்புறம் நகர்த்தச் சொல்வார், "ஆகா!" என்பார். மறுபடி இடப்புறம் நகர்த்தச் சொல்வார், "ஆகாகா!" என்பார். மந்திரிகள் கஞ்சி போட்ட வேட்டி கட்டி வரக்கூடாது. மொடமொடப்பு சங்கீதத்தைக் கெடுக்கிறதாம்!

இப்படிப்பட்டவரிடம் பிங்களநாதர் என்றொரு நாத நிபுணர் வந்து ஒட்டிக்கொண்டார்.

"மகாராஜா, ஊர்ச் சத்தமெல்லாம் பறந்து வந்து வீணைத் தந்தியில் தூசியாய்ப் படிகிறது" என்றார்.

அவ்வளவுதான். ஊரில் யாரும் சத்தம் போடக்கூடாது என்று ஆணை பிறந்தது. அதையும் முரசு அறையாமல், வீடு வீடாகப் போய்க் காதில் கிசுகிசுத்தார்கள்.

ஊர் பட்ட பாடு கொஞ்சமா? மோர்க்காரி கூவாமல், கையால் கடைந்து காட்டி விற்றாள். அடிக்க வருகிறாள் என்று பயந்து ஒருவர் ஓட்டம் பிடித்தார். ஒரு கல்யாணத்தில் நாகசுரக்காரர் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டு நின்றார். கெட்டிமேளம் இல்லாததால் தாலி கட்டியாயிற்றா என்று தெரியாமல், பாதிப்பேர் அட்சதையோடு நிற்க, பாதிப்பேர் பந்திக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் வெண்கலப் பாத்திரம் செய்யும் கன்னார் தெருவில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சுத்தியலைத் தொடக்கூடாதென்றால் அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? உலை அணைந்தது. அப்புறம் அடுப்பும் அணைந்தது.

ஒருநாள் அரசர் தம் விகடகவி குழைக்காதரை அழைத்தார்.

"ஓய், ஊரே அடங்கியும் யாரோ மத்தளம் தட்டுகிறான். தும்... தும்... கேட்கிறதா?"

குழைக்காதர் காதைத் தீட்டிக்கொண்டார். "இல்லையே, மகாராஜா."

"எனக்குக் கேட்கிறது!" என்று பிங்களநாதர் முந்திக்கொண்டார். "கிழக்கே, கன்னார் தெருவிலிருந்து வருகிறது. அந்தத் தெருவை இடித்துவிட்டு ஒரு பூந்தோட்டமும், நடுவில் அடியேனுக்கு ஒரு சின்ன மாளிகையும் அமைத்தால் காற்றுகூட ராகம் பாடும்!"

அரசர் குழைக்காதரைப் பார்த்தார். "நாளைச் சாயங்காலத்துக்குள் மத்தளக்காரனைப் பிடித்து வாரும். இல்லாவிட்டால் அந்தத் தெருவும் இராது, உமது உத்தியோகமும் இராது."

குழைக்காதர் கன்னார் தெருவுக்கு ஓடினார். அங்கே மூச்சுச் சத்தம்கூட இல்லை. அழும் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு தாய் நின்றாள்.

திரும்பி வந்தவர், ஆளில்லாத மண்டபத்தில் அரசரின் ஆசனத்திலேயே துணிந்து உட்கார்ந்தார். அவரைப் போலவே பட்டுத் தலையணையில் காதை அழுத்திச் சாய்ந்தார். தும்... தும்... அட, கேட்கிறதே! தெரு இடிபடுவதை நினைத்தார். தும்தும்தும்! துள்ளி எழுந்தார் குழைக்காதர். தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தார். "உஸ்ஸ்!" என்றான் வாசல் காவலன்.

மறுநாள் இசைமண்டபத்திலேயே சபை கூடியது.

"மத்தளக்காரன் அகப்பட்டான், மகாராஜா. இதே மண்டபத்தில்தான் இருக்கிறான்."

"எங்கே?"

"கொஞ்சம் கூச்சக்காரன். தாங்கள் மண்டபத்தைச் சுற்றி ஓடினால் பிரமாதமாக வாசிப்பான்."

அரசர் ஓடினார். கிரீடம் ஒருபுறம், அங்கவஸ்திரம் ஒருபுறம் பறந்தது. மூச்சிரைக்க வந்து தலையணையில் சாய்ந்தார். "அடேயப்பா! துரித காலத்தில் வெளுத்துக்கட்டுகிறான்!"

"ஆமாம், ஆமாம்! கன்னார் தெருவில் வேகமாக அடிக்கிறார்கள். துல்லியமாகக் கேட்கிறது!" என்றார் பிங்களநாதர்.

"அவனை உடனே நிறுத்தச் சொல்லும்!" என்றார் அரசர்.

"ஐயையோ!" குழைக்காதர் தடாலென்று அரசரின் காலில் விழுந்தார். "அந்த ஆணை மட்டும் வேண்டாம், மகாராஜா! அவன் நிறுத்தினால் நாடே அழும். மார்பில் கை வைத்துப் பாருங்கள்!"

அரசர் கை வைத்தார். காதில் கேட்ட அதே தாளம் உள்ளங்கையில் தட்டியது. அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. மெல்லப் பிங்களநாதர் பக்கம் திரும்பினார்.

"ஓய், என் நெஞ்சு கன்னார் தெருவிலா இருக்கிறது?"

பிங்களநாதர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"கன்னார்களை இப்போதே சுத்தியலை எடுக்கச் சொல்லுங்கள்!" என்று அரசர் கத்தினார். "அவர்களுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் போகட்டும். குழைக்காதரே, இந்த ஆளை என்ன செய்யலாம்?"

"முதலில் எல்லை தாண்டி அனுப்பிவிடுங்கள், மகாராஜா. தங்கள் நெஞ்சு அடிப்பதே இவர் காதில் விழுகிறது. நெஞ்சில் நினைப்பதும் விழுந்து, அதை இவர் மகாராணியிடம் சொல்லிவிட்டால்?"

அரசர் சிரித்த சிரிப்பில் சுவர்க் கம்பளங்கள் குலுங்கின. தம் கடுக்கனைக் கழற்றிக் குழைக்காதர் கையில் வைத்தவர், அவர் காதோரம் குனிந்து, "குதிரை வண்டியிலேயே அனுப்பும், ஓய்! நடந்து போனால் நேரமாகும்" என்றார்.